முதல் ஷீட்டில் விழுந்த வழுக்கை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

ஓய்வு பெற்ற பிறகும் வாரத்துக்கு ஒரு நாள், அட்டைக்குப் பூச்சுப் போடும் நம் ஷெட்டுக்கு நான் வந்து நிற்பது உங்களில் சிலருக்கு எரிச்சலாக இருக்கும் என்று தெரியும். ‘பெருசு வந்துட்டாரு, ஒரு டீ சேத்துச் சொல்லு’ என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழத்தான் செய்கிறது. காதில் கோளாறு இல்லை. டீயிலும் கோளாறு இல்லை. அந்த டீக்குக் கைம்மாறாக ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மெஷின் ஓட்டக் கற்றுத்தர ஆள் இருக்கிறது. ரோலர் அழுத்தம், டிரையர் சூடு, பூச்சுச் சரக்கின் பதம் எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் வந்து காட்டிக் கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது, எல்லாம் சரியாக இருந்தும் வேலை கெட்டுப்போன ஒரு காலத்தைப் பற்றி. அப்போது நான் பைத்தியம் பிடித்தவன் மாதிரி குழம்பித் திரிந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் குழப்பம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. தெளிந்தவன் சொல்லும் புத்திமதி என்று நினைக்காமல் கேளுங்கள்.

நம் வேலை பார்வைக்கு லேசானது. அச்சடித்த அட்டையின் மேல் ஒரு மெல்லிய படலம் பூச வேண்டும். டிரேயில் பால் மாதிரி கிடக்கும் சரக்கு ரோலரில் ஏறி, அட்டையில் இறங்கி, டிரையருக்கு அடியில் காய்ந்து பளபளவென்று வெளியே வருகிறது. ரோலருக்கும் டிரையருக்கும் நடுவே அது ஈரமாக இருப்பது ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் அந்தச் சரக்கு ஒரு முடிவு எடுத்துவிடுகிறது. அட்டையைப் பிடித்திருந்தால் பரவி ஒட்டிக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் பின்வாங்கும். எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தண்ணீரைத் தெளித்தால் பரவாமல் உருண்டு நிற்குமே, அதே சங்கதிதான். படலத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை விழும். ஓட்டை அகலும். விலகிய சரக்கு சுற்றிலும் வரப்பு கட்டி நிற்க, நடுவில் வெறும் அட்டை தெரியும். நம் ஷெட்டில் இதற்கு வழுக்கை என்று பெயர். என் தலையைப் பார்த்து வைத்த பெயர் என்று ஒரு பேச்சு உண்டு. நான் விசாரிக்கவில்லை.

முன்பெல்லாம் நாம் தின்னர் கலந்த வார்னிஷ்தான் போட்டோம். நாற்றம் மூக்கைப் பிடுங்கும். ஆனால் தங்கமான சரக்கு. எந்த அட்டையானாலும், கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கே இருந்தாலும், பேசாமல் பரவிக்கொள்ளும். அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு, ஷெட்டுக்குள் நெருப்பு ஆகாது. தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்குக்கூட நம் ஷெட்டில் சூடம் கிடையாது. மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வெறுங்கையால் கும்பிட்டுவிட்டு வருவோம். முதலாளிக்கு இது பெரிய மனக்குறை. ‘சூடம் காட்டாத பூஜை என்ன பூஜைவேய்’ என்று வருஷா வருஷம் புலம்புவார்.

பிறகு கடலை மிட்டாய்ப் பெட்டி ஆர்டர் வந்தது. முதலில் போன பெட்டிகள் அப்படியே திரும்பி வந்தன. மிட்டாயைக் கடித்தால் வார்னிஷ் வாடை அடிக்கிறதாம். அதனால்தான் தண்ணீரில் கரைந்த புதுச் சரக்குக்கு மாறினோம். வாடை இல்லை, தீப்பிடிக்கும் பயமும் இல்லை. முதலாளி முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“இனிமே என்னவேய் பயம்? தண்ணிச் சரக்குதான? ஒவ்வொரு புது வேலைக்கும் உள்ளயே சூடம் காட்டிருவோம்.”

அப்படியே நடந்தது. புது வேலை தொடங்கும்போதெல்லாம் தட்டில் சூடம் ஏற்றி, அட்டைக் கட்டுக்கும் டிரேக்கும் ரோலருக்கும் காட்டி, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டதும், அக்கா முதல் ஷீட்டைப் போடுவார்.

அக்கா யார் என்று சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன், அது அவருக்கு நான் கொடுத்த வாக்கு. மெஷினுக்கு அட்டை ஷீட்டை ஊட்டும் வேலை அவருக்கு. கழுகுமலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் ஷெட்டில் எல்லோருக்கும் அவர் அக்கா. நொடித்துப்போக இருந்த நேரத்தில் அவர் கையால் ஆரம்பித்த ஒரு வேலை முதலாளியைத் தூக்கி நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து எந்தப் புது வேலையானாலும் முதல் கட்டு ஷீட்டை அக்காவின் கைதான் தொட வேண்டும். கைராசி என்றால் அப்படி ஒரு கைராசி. அவர் லீவு என்றால் புது வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போகும்.

புதுச் சரக்கோடு வழுக்கையும் வந்தது. அதுவும் எங்கே? முதல் கட்டில். ஓட ஓடக் குறைந்து, பாதி நாளில் காணாமல் போகும். அடுத்த புது வேலைக்குத் திரும்ப வரும்.

முதலில் நான் புழுதியைச் சந்தேகப்பட்டேன். சித்திரைக் காற்றில் கரிசல் புழுதி எங்கேதான் நுழையாது? ஆனால் புழுதி விழுந்த ஓட்டையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு துகள் உட்கார்ந்திருக்கும். இவற்றில் ஒன்றும் இல்லை, துடைத்துவிட்ட மாதிரி வெறுமை. சரக்கைக் கனமாகப் பூசிப் பார்த்தேன். ஓட்டை மறைந்தது, ஆனால் காய்ந்து அடுக்கிய பெட்டிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் போனால் அச்சு உரிந்து வந்தது. மிட்டாய்க்காரர் தினமும் போன் செய்தார். நான் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தேன், ரசம் எப்படி ஓடுகிறது என்று. என் மனைவி, “ஒங்களுக்கு என்னமோ ஆயிட்டு,” என்றாள்.

சரக்கு விற்ற கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். பளிச்சென்ற சட்டை, பளிச்சென்ற பேச்சு. முதல் கட்டை யார் தொடுகிறார்கள் என்று கேட்டார். அக்காவைக் காட்டினோம். கையை நீட்டச் சொன்னார். நாள் முழுக்க அட்டையைத் தொட்டுத் தொட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அட்டை கையில் இருக்கும் பசையை எல்லாம் உறிஞ்சிவிடும், உங்களுக்கும் தெரியும். “என்ன தடவுறீங்க?” என்று கேட்டார்.

“தேங்காண்ணதான் சார். ராத்திரி படுக்கும்போ கொஞ்சம் போட்டுக்கிடுவேன்.”

“அவ்வளவுதான் சார், முடிஞ்சுது!” என்று இன்ஜினியர் என் தோளைத் தட்டினார். “எண்ணெய் பட்ட இடத்துல வாட்டர் கோட்டிங் நிக்கவே நிக்காது. இந்தம்மா கைதான் காரணம்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் விரல் படுவது ஷீட்டின் ஓரத்தில்தானே, வழுக்கை நடுவிலும் அல்லவா விழுகிறது? இதைக் கேட்க நினைத்தேன். அவர் அதற்குள் காரில் ஏறிவிட்டார்.

அக்கா எண்ணெயை விட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். அடுத்த புது வேலையிலும் வழுக்கை வந்தது. அதற்கடுத்த வேலைக்கு முதலாளி அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். வேறொரு பெண் முதல் கட்டைப் போட்டாள்.

ஒரு வழுக்கைகூட இல்லை.

ஷெட்டே அக்காவைத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அவர் தொட்டால் விழுகிறது, தொடாவிட்டால் விழவில்லை. அக்கா தன் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் முதலாளி என்னை ரூமுக்குக் கூப்பிட்டார்.

“அவள நிறுத்திரலாம்னு இருக்கேன். நீரு என்ன சொல்லுதீரு?”

அவரைக் கொடுமைக்காரர் என்று நினைக்காதீர்கள். அவர் முகமும் தொங்கித்தான் கிடந்தது. ஆனால் கைராசியை நம்புகிறவருக்கு, ராசி கெட்டுப்போன கையை வைத்துக்கொள்ளத் தைரியம் வராது. அக்கா வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான் வருமானம். அதைவிடப் பெரியது வேறொன்று இருந்தது. இங்கே நிறுத்திவிட்டார்கள் என்றால் ‘ஏன்’ என்ற கேள்வி கழுகுமலை பஸ்ஸில் அவருக்கு முன்னாலேயே ஏறிவிடும். தொட்டதெல்லாம் கெடுக்கும் கை என்று பேரெடுத்த பெண்ணை எந்த ஆபீஸில் சேர்ப்பார்கள்? குச்சி அடுக்கும் தீப்பெட்டி ஆபீஸில்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

“எனக்குத் தெரியல மொதலாளி,” என்றேன்.

“கண்ணால பாத்தமேவேய்! இதுல தெரியாம இருக்க என்ன இருக்கு?”

“பாத்தோம். ஆனாலும் எனக்குத் தெரியல.”

“சாயங்காலத்துக்குள்ள ஆம், இல்லன்னு ஒத்த வார்த்த சொல்லும். மிட்டாய்க்காரரு என் உசுர எடுக்காரு.”

அன்று மத்தியானம் மெஷின் முன்னால் உட்கார்ந்து, முந்தின நாள் நடந்ததை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அட்டை வந்தது. சரக்கு ஊற்றினோம். அந்தப் பெண் வந்து நின்றாள், ஷீட்டைப் போட்டாள். ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று பிடிபடவில்லை. அப்புறம் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. முந்தின நாள் ஷெட்டில் சூட வாசனையே இல்லை.

அக்கா ஒதுங்கி நின்றதால் அன்றைக்குச் சூடம் காட்டவே இல்லை. ராசிக்கையும் பூஜையும் சேர்ந்தே நடக்கும் வழக்கம். கை இல்லை என்றதும் முதலாளிக்கு மனசு வராமல் பூஜையையும் விட்டுவிட்டார். ஒன்றை நிறுத்தியதாக நினைத்து இரண்டை நிறுத்தியிருக்கிறோம்!

சூடத்துக்கும் படலத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், சின்ன வயசில் நீங்களும் விளையாடியிருப்பீர்கள். தண்ணீரில் ஒரு துணுக்குச் சூடத்தைப் போட்டால் அது அங்கும் இங்கும் ஓடும். தண்ணீரின் மேல்தோலை அது அப்படி இழுத்துக் கலைக்கும். எரியாமல் ஆவியாகப் போன சூடம் ஈரச் சரக்கின் மேலும் அட்டையின் மேலும் படிந்தால் சும்மா இருக்குமா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை. நிச்சயம் பண்ண ஒரு வழிதான் உண்டு. அக்கா கையால் சூடம் இல்லாமல் ஒரு கட்டு, வேறு கையால் சூடத்தோடு ஒரு கட்டு.

இதைச் சொன்னதும் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“என்னவேய் பேசுதீரு? சாமியவே சோதிச்சுப் பாக்கச் சொல்லுதீரா? வருஷக்கணக்கா ஏங்கி இப்பதான் சூடம் காட்டுதேன். அது தொழிலக் கெடுக்குதுன்னு எல்லாரு முன்னாலயும் நிரூபிக்கப் போறீராக்கும்!”

நான் திரும்பினால், வாசலில் அக்கா நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். எனக்கு நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“வேண்டாம் அண்ணாச்சி,” என்றார். “எங் கையிலதான் குத்தம்னே இருக்கட்டும். நான் போயிருதேன். எனக்காவ சாமி மேல பழி போடாதிய.”

எனக்குத் தலை சுற்றியது. யாருக்காக வாதாடுகிறேனோ அவரே எதிர்ப்பக்கம் நிற்கிறார். சோதனையை நடத்தினால் இரண்டு பேர் மனசும் நோகும். நடத்தாவிட்டால் அக்காவின் வேலை போகும். சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். உண்மை இன்னதென்று தெரிவதற்கு முன்னாலேயே முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அப்போது கையில் இருப்பதில் எது நிச்சயம் என்று பாருங்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். ரோலர் கழுவ வைத்திருக்கும் தின்னர் டின் இன்னும் ஷெட்டுக்குள்தான் இருந்தது.

“மொதலாளி, சாமிய விடுங்க. சரக்கு மாறிட்டு, ஆனா கழுவுற தின்னர் மாறல. மூணு எட்டுல டின்னு இருக்கு. அங்கன சூடம் கொளுத்துதோம். இத்தன நாளும் நம்மள அந்தச் சாமிதான் காப்பாத்துச்சு. சூடத்த வாசல்ல வெச்சுக் காட்டுவோம். அக்காவே மொத ஷீட்டப் போடட்டும். ஒரு வேலைக்கு மட்டும். அதுலயும் வழுக்க வந்தா நீங்க சொல்லுதபடி செய்யுங்க.”

நெருப்பு என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதை வேறெதற்கும் கிடையாது. முதலாளி டின்னைப் போய்ப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். “சரி, ஒரு வேல,” என்றார்.

வாசலில் சூடம் காட்டினோம். அக்கா உள்ளே வந்து முதல் கட்டைப் போட்டார். நான் டிரையரின் அந்தப் பக்கம் நின்றேன். முதல் ஷீட் வந்தது. அடுத்தது வந்தது. கட்டு முழுவதும் வந்து முடிந்தது. பளிங்கு மாதிரி இருந்தது. 

அக்கா வேலையில் நிலைத்தார். காரணம் மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. வாசல் பூஜைதான் சாமிக்கு உகந்தது என்றார் முதலாளி. போட்டோ அனுப்பியதும், எண்ணெயை நிறுத்தியது வேலை செய்கிறது பாருங்கள் என்று இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டினார். என் காரணத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் அன்றிலிருந்து அக்காவிடம் ஒரு புதுப் பழக்கம். முதல் ஷீட்டை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, “போடட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்பார். முன்பு ஒரு நாளும் கேட்டதில்லை. ‘போடுக்கா’ என்று சொன்ன பிறகும் கை கொஞ்சம் தயங்கும்.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின் கழுவ நான் தனியாக வந்திருந்தேன். அக்கா வந்து நின்றார். கையில் ஒரு பொட்டலம்.

“அண்ணாச்சி, அன்னைக்குச் சொன்னியள்ளா, அந்தச் சோதனைய இன்னைக்குப் போட்டுப் பாப்பமா?”

“அன்னைக்கு வேண்டாம்னியளே!”

“அன்னைக்கு எல்லாரும் இருந்தாவ.” பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சூடம். “எந் தங்கச்சி மகளுக்கு இந்த வாரம் பிரசவம். பிள்ளைக்குச் சேன வைக்க என்னையத்தான் கூப்பிடுதாவ. நான் என்ன சொல்லட்டும்?”

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைக்க நல்ல மனசும் நல்ல கையும் உள்ளவரைத்தானே தேடுவார்கள்? ஷெட்டுக்காக அவர் தன் கையைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கவில்லை. ஒரு பச்சைப் பிள்ளைக்காக நினைத்தார்.  தின்னர் டின்னை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

டிரேயைக் கழுவிப் புதுச் சரக்கு ஊற்றினேன். சூடம் இல்லாமல் அக்கா போட்டார். சுத்தமாக வந்தது. பிறகு தட்டில் சூடம் ஏற்றி, பழையபடி கட்டுக்கும் டிரேக்கும் காட்டி, நான் என் கையால் போட்டேன். டிரையரைத் தாண்டி வந்த ஷீட்டில் வழுக்கை வழுக்கையாக விழுந்து கிடந்தது. திரும்பவும் எல்லாவற்றையும் கழுவினேன். அக்கா போட்டார். சுத்தம்.

அவர் மூன்று ஷீட்டையும் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அழுவாரோ என்று பயந்தேன். சிரித்தார். பிறகு வழுக்கை விழுந்த ஷீட்டை மட்டும் நாலாக மடித்து அழுத்தமாகக் கையில் பிடித்துக்கொண்டார்.

“இது நமக்குள்ள இருக்கட்டும் அண்ணாச்சி. யார்ட்டயும் சொல்லாதிய.”

“ஏன்க்கா? ஒங்க மேல தப்பில்லன்னு எல்லாருக்கும் தெரியட்டுமே.”

“எனக்குத் தெரிஞ்சிட்டுல்லா, அது போதும். பழி சுமந்து எனக்குப் பழக்கமாயிட்டு. பாவம் சாமி, அதுக்குப் பழக்கமிருக்காது.”

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பக்தியா, பரிதாபமா, கேலியா, ஒன்றும் விளங்கவில்லை. படலத்தின் கதையும் முழுசாக விளங்கவில்லை. பின்னால் ஓர் ஆயுத பூஜைக்கு யாரோ தெரியாமல் உள்ளேயே சூடம் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் ஒரு வழுக்கைகூட விழவில்லை. காற்று வேறு பக்கம் அடித்ததோ, டிரே மூடியிருந்ததோ, தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நீங்கள் வெட்கப்பட வேண்டாம். உங்கள் வாயிலிருந்து அவசரத்தில் வரும் ஓர் ‘ஆம்’, யாரோ ஒருவர் தன் கையையே பார்த்துப் பயப்படும்படி செய்துவிடும்.

இதை உங்களுக்குச் சொல்லலாமா என்று போன வாரம் அக்காவிடம் போனில் கேட்டேன். “புதுப் பிள்ளையளுக்குத்தான, சொல்லுங்க. எம் பேரு மட்டும் வேண்டாம்,” என்றார். சாமியைப் பற்றிக் கேட்டேன். “அது இந்நேரம் பழகிருக்கும்,” என்றார்.

அந்த ஞாயிறு கழிந்து ஒரு வாரம் அவர் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது எல்லோருக்கும் கடம்பூர் போளி கொண்டுவந்தார். பெண் பிள்ளை, சேனை வைத்தாகிவிட்டது என்றார். அன்றைக்கு ஒரு புது வேலை இருந்தது. வாசலில் சூடம் காட்டிவிட்டு உள்ளே வந்தோம். நான் வழக்கம்போல ‘போடுக்கா’ என்று சொல்லத் தயாராக நின்றேன். அக்கா முதல் ஷீட்டை எடுத்தார், என் பக்கம் திரும்பாமலே போட்டார்.